ஊருக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகள்: மர்மதேசம், டிவிடியில்

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து தடாவிலோ வரதையபாளையத்திலோ சத்தியவேட்டிலோ அறை எடுத்தவர்கள் முதல் சில வாரங்களில் உப்பலமடுகு அருவி, பழவேற்காடு ஏரி, சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயில் என்று சுற்றி முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சி ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த சாயங்காலத்தை என்ன செய்வது என்ற கேள்வி வரும். போனில் ரீல்ஸ் தள்ளுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய டிவிடி ஒன்றை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து வந்து, ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். என்ன தொடர் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: மர்மதேசம்.

1990களில் சன் டிவியிலும் பிறகு ராஜ் டிவியிலும் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. பெயர் வாங்கிக் கொடுத்த கதைகளை இயக்கியவர் நாகா. ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று ஐந்து தனித்தனிக் கதைகள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததால் எதை முதலில் எடுத்தாலும் குற்றமில்லை. நேரம் குறைவாக இருப்பவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த இரண்டிலும் ஒன்றுதான் என்றால், விடாது கருப்பு.

காரணம் இருக்கிறது. ரகசியம் நல்ல துப்பறியும் கதை. நவபாஷாண லிங்கம், சித்த மருத்துவம், கோயிலைச் சுற்றி நடக்கும் மரணங்கள் என்று இழுத்துக்கொண்டு போகும். ஆனால் விடை தெரிந்தபின் அதில் பாதி வேகம் குறைந்துவிடும். விடாது கருப்பு அப்படியில்லை. ஒரே ஊரின் இரண்டு காலங்களை, ஒரு சிறுவன் வளர்ந்த காலத்தையும் அவன் பெரியவனான காலத்தையும், மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போகிறது அந்தத் தொடர். வாரம் ஒரு முறை பார்த்தபோது பலருக்கு அது குழப்பம். போன வாரம் பார்த்த காட்சி எந்தக் காலத்தில் நின்றது என்பதே மறந்திருக்கும். டிவிடியில் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் பழைய காலத்தின் ஒரு காட்சி புதிய காலத்தின் ஒரு காட்சிக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது பிடிபடும். தொலைக்காட்சிக்காக எடுத்தது டிவிடியில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய தமிழ்த் தொடர்கள் அதிகம் இல்லை.

முடிவை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் அறையில் இன்னும் பார்க்காதவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

யூடியூபில்தான் இருக்கிறதே, டிவிடி எதற்கு என்று கேட்கலாம். கவிதாலயாவின் சேனலில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் விடுதி வைஃபை ராத்திரி எட்டு மணிக்கு என்ன வேகத்தில் வரும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கதையின் காவல் தெய்வமான கருப்பு வரப்போகிற நேரத்தில் பற்பசை விளம்பரம் நுழைந்தால் அந்தக் காட்சி செத்தது. அதைவிட மோசம் கீழே இருக்கும் பின்னூட்டங்கள்; முதல் பகுதியின் அடியிலேயே கொலையாளியின் பெயரைப் போட்டு வைத்திருப்பார்கள். டிவிடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுத் தேடச் சொல்லும் வேலை மட்டும் உண்டு.

வீட்டில் இல்லையென்றால் சென்னைதான். தடாவில் புறநகர் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கே பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகம். 1985இல் தீப்பிடித்து அழிந்த மூர் மார்க்கெட்டின் கடைகளுக்கு மாற்றிடம் கொடுத்த கட்டடம். பழைய புத்தகங்களுக்கு நடுவில் இசைத்தட்டு, கேசட், டிவிடி விற்பவர்களும் உண்டு. கேட்டது அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். ஒரே டிவிடியில் நாற்பது, ஐம்பது பகுதிகள் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரண்டடுக்கு என்றால் 8.5 ஜிபி. அதற்குள் அத்தனையையும் திணித்தால் இருட்டுக் காட்சிகள் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். மர்மதேசத்தில் இருட்டுக் காட்சி இல்லாத பகுதி எது? அந்தக் காலத்தில் நியாயமான டிவிடியே மலிவாகத்தான் கிடைத்தது. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டுக் கடைக்காரர்களையே திணறடித்தது. அந்த நிறுவனமும் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. இன்று கையில் கிடைப்பது எல்லாம் பழைய சரக்குதான் என்ற நினைப்போடு வாங்குங்கள்.

கைக்கு வந்ததும்

வாங்கிய இடத்திலேயே டிவிடியை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் உள்ளே இருக்கும் உலோகப் படலம் அங்கங்கே போய்விட்டது என்று அர்த்தம். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. கீழ்ப்பக்கத்தில் கீறல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். டிவிடியில் தகவல் இருக்கும் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது, ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனம். மேல்பக்கம் கொஞ்சம் உரசினாலும் தப்பித்துவிடும். விசிடி அப்படியில்லை. அதில் படலம் மேல்பக்க அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. படம் போட்ட பக்கம்தானே என்று நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டுகிறவர்கள் தொடரையே சுரண்டி எடுக்கிறார்கள். பால்பாயிண்ட் பேனாவால் மேலே பெயர் எழுதுவதும் அதே வேலைதான்.

அழுக்கு இருந்தால் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, இரண்டும் போதும். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுருள் தடமாகப் பதிந்திருக்கிறது. தடத்தைக் குறுக்காக வெட்டும் கீறலைக் கருவி திருத்திக்கொள்ளும். தடத்தின் வழியே நீண்டு போகும் கீறலை அதனால் திருத்த முடியாது. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர், தின்னர், பற்பசை, இவை எல்லாம் இணையத்தில் சொல்லும் வைத்தியங்கள். கிட்டே கொண்டு வராதீர்கள். இந்தப் பக்கம் ஏரிக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்து வரும் ஊர். டிவிடியை ஜன்னல் ஓரத்தில் வைக்காமல், உறைக்குள் நிமிர்த்தி, துணி அலமாரியின் உள்தட்டில் வையுங்கள்.

ஓட வைப்பது

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் டிவிடி போடும் தட்டே இருக்காது. கம்பெனி லேப்டாப்பில் இதைச் செய்யவும் வேண்டாம், ஐடி பிரிவு கேள்வி கேட்கும். சொந்த லேப்டாப்புக்கு யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கிடைக்கும், மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவில் கேட்டால், கொண்டு போன டிவிடியைப் போட்டுப் பார்த்தே வாங்கலாம். சுற்றும் சத்தம் கேட்டு, படம் வராமல், மறுபடி மறுபடி நின்று நின்று சுற்றினால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்பதுதான் கோளாறு. யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேராக லேப்டாப்பில் செருகுங்கள். டிவியின் யுஎஸ்பி துளையில் இந்த டிரைவைச் செருகிப் பார்க்காதீர்கள்; பென் டிரைவ் போன்றவற்றுக்குத்தான் அது.

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி பிளேயரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். விசிடியாக இருந்தாலும் அதிலேயே ஓடும். ஓடவில்லையென்றால் உள்ளே எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்து அதிலிருக்கும் டாட் கோப்பை இழுத்துப் போடுங்கள். பிறகு மூன்று விசைகளை நினைவில் வைத்தால் போதும். ஆட்கள் நகரும்போது உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து தெரிந்தால் டி விசை. படம் இழுபட்டு முகங்கள் அகலமாகத் தெரிந்தால் 4:3 வரும் வரை ஏ விசை. உதடு அசைந்த பிறகு குரல் வந்தால் ஜே, கே விசைகளால் முன்பின் தள்ளிக்கொள்ளலாம்.

அந்த இரண்டாவது விசையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொடர்கள் 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. புது டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். அறை நண்பர் ஒருவர் வந்து, "அண்ணா, ஃபுல் ஸ்கிரீன் வைங்கண்ணா" என்பார். வைக்காதீர்கள். நாகாவின் சட்டகங்களில் மேலும் கீழும் இருக்கும் வெற்றிடம் காரணத்தோடு விடப்பட்டது. அதை வெட்டினால் ஆள் மட்டும் இருப்பார், அவர் பயந்து பார்க்கும் இடம் இருக்காது.

படத்தின் தெளிவைப் பற்றியும் ஆசை வளர்க்க வேண்டாம். 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ் ஃபைல்ஸ் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது; அதனால் பின்னாளில் ஹெச்டி தரத்தில் புதிதாகவே எடுத்து வெளியிட முடிந்தது. நம் தொடர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டவை. நாடாவில் பதிந்த கோடுகள் எத்தனையோ அத்தனைதான், கூடுதலாகச் சுரண்டி எடுக்க உள்ளே எதுவும் கிடையாது. ஏஐ வைத்துத் தெளிவாக்கியது என்று சொல்லிக்கொண்டு உலவும் பிரதிகளில் முகமெல்லாம் மெழுகு பூசியதாக இருக்கும். கிழவிகளின் சுருக்கத்தை எடுத்துவிட்டால் மர்மதேசத்தில் மிச்சம் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் அக்கா, அண்ணன் அனுப்பும் டிவிடி என்றால் உறையின் பின்னால் உலக உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5, சிங்கப்பூருக்கு 3, இங்கிலாந்துக்கு 2, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. தமிழ் டிவிடிகள் பலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்காது. ஆங்கிலத் தொடர்களின் பெட்டிக்கு இருக்கும். டிரைவின் மண்டல எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். விளையாட்டுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு, எப்போது

அரை மணி நேரத் தொடர். விளம்பரம் போக ஒரு பகுதி இருபது நிமிடத்தை ஒட்டித்தான் வரும். ஒரே ராத்திரியில் பத்துப் பகுதி பார்க்க முடியும், பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் ஒரு வாரம் ஆளைக் காத்திருக்க வைப்பதற்காகக் கட்டப்பட்டது. கடைசி நிமிடத்தில் ஒரு கதவு திறக்கும், ஒரு முகம் திரும்பும், அதோடு முடியும். உடனே அடுத்ததைப் போட்டால் அந்தக் கொக்கி எதையும் மாட்டாமல் நழுவிவிடும். அதே சமயம் வாரம் ஒன்று என்று வைத்தால் இரண்டு காலமும் குழம்பும் பழைய கதைதான். ஒரு நாளைக்கு இரண்டு பகுதி என்பது சரியான அளவு. முதல் பகுதியின் கொக்கி உடனே விடுபடும். இரண்டாவதன் கொக்கியோடு தூங்கப் போகலாம்.

ஏ ஷிஃப்ட்காரர்களுக்கு இது சுலபம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். பி ஷிஃப்ட் முடிந்து பஸ் இறங்கி வருகிறவர்கள் ஹெட்போன் வைத்துக்கொள்ள வேண்டும், அறையில் மற்றவர் தூங்குவார். சி ஷிஃப்ட்காரர்கள் பகலில் பார்ப்பதானால் ஜன்னலுக்குப் போர்வை கட்டுங்கள். நண்பகல் வெளிச்சத்தில் கருப்பு வந்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். ஹெட்போன் யாருக்குமே நல்லது. இந்தத் தொடரின் பயத்தில் பாதிக்கு மேல் காதில்தான் இருக்கிறது: குதிரைக் குளம்பொலி, பூச்சிச் சத்தம், திடீரென்று அந்தப் பூச்சிச் சத்தமும் நின்றுபோவது.

இரண்டாம் முறை பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு யோசனை. யார் செய்தார் என்று தெரிந்துவிட்டது. இனி எப்படி மறைத்தார்கள் என்று பாருங்கள். கருப்பு தண்டனை கொடுத்த மறுநாள் காலை ஊர் கூடி நிற்கும் காட்சிகளில் பேசுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைக் கவனியுங்கள். படித்தவர் ஒருவர் மருத்துவ விளக்கம் சொல்லும்போது ஊர்க்காரர் ஒருவர் எதிர்வாதம் வைப்பார். அந்த வாதம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மரியாதையோடு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். நம்புகிறவரை முட்டாளாக்காமல், நம்பாதவரைத் திமிர் பிடித்தவராக்காமல் கதையைக் கொண்டுபோவது லேசில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் பலமே அந்தச் சமநிலைதான். பின்னால் வந்த பேய்த் தொடர்கள் பலவற்றில் மந்திரவாதிகள் கிடைத்தார்கள், அது மட்டும் கிடைக்கவில்லை. தொடரை முடித்தபின் அதன் மூலமான 'விட்டு விடு கருப்பா' நாவலையும் வாங்கிப் படியுங்கள். இந்தத் தொடரில் சேர்ந்து நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜத்திலும் தம்பதியானார்கள் என்பது ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் உபரித் தகவல்.

இந்த ஊரில் பார்ப்பதன் ருசி

கருப்பசாமி தெற்கத்திக் காவல் தெய்வம். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில் மூடிய கதவுக்குத்தான் சந்தனம் சாத்துவார்கள். அந்தக் கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆள் யோசிப்பார். மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் அந்த மண்ணிலிருந்து இந்தக் கதையை எடுத்தார். நாம் இருக்கும் தொண்டை மண்டலத்து வடகோடியில் எல்லைக் காவல் பொன்னியம்மனிடமும் கங்கையம்மனிடமும் இருக்கிறது. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை என்றால் ஆண்கள் வேஷம் கட்டி வீதிக்கு வருவார்கள். சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றத்தில் ஆந்திராவுக்குப் போய், பதிலுக்குத் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆகவே வீட்டுக்கார அம்மாக்கள் பலர் உங்களிடம் தமிழில்தான் பேசுவார்கள். குளம்பொலி சத்தம் கொஞ்சம் கூடினால், "என்னப்பா, கருப்பு ஓடுதா? நாங்களும் அப்போ பார்த்தோம்" என்று வாசலில் வந்து நிற்பவர் இருக்கலாம். நாற்காலி போடுங்கள். அடுத்த மாத வாடகைப் பேச்சுக்கும் அது நல்லது.

அறையில் தெலுங்கு நண்பர் இருந்தால் அவருக்கும் ஒரு பழைய ஞாபகம் இருக்கும்: ஈடிவியில் அதே 1990களில் வந்த அன்வேஷிதா, அச்யுத்தும் யமுனாவும் நடித்தது. ஒரு ஞாயிறு உங்கள் தொடர், மறு ஞாயிறு அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இந்தப் புத்தகத்தில் வேறு எங்கும் சொல்லவில்லை.

ரகசியம் பார்த்து முடித்தவர்கள் ஒரு நாள் சுருட்டப்பள்ளிக்குப் போய் வாருங்கள், ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் வரும். ஆலகால விஷம் உண்ட சிவன் பார்வதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். விஷத்தையே மருந்தாக்கும் நவபாஷாணக் கதையைப் பார்த்துவிட்டு இந்தச் சந்நிதியில் நிற்கும்போது கதாசிரியருக்கு யோசனை எங்கிருந்தெல்லாம் வந்திருக்கும் என்று தோன்றும். அதே சாலையில் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாவின் பெயரில் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணர் கோயிலில் மார்ச் மாதத்தில் சில நாள் மாலைச் சூரியனின் கதிர் வாசல்களைக் கடந்து மூலவர் மேல் விழும். தொடரில் வந்தால் நம்பாமல் சிரிப்போம். இங்கே போய்க் கண்ணால் பார்க்கலாம்.

பிரதி எடுப்பது

பார்க்கும்போதே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். டிவிடியை முழுதாக ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றி, ஒன்று லேப்டாப்பிலும் ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்தால் போதும். படிக்க மறுக்கும் இடத்தில் டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. டெலிகிராம் குழுவில் ஏற்றுவதும் நண்பர்களுக்குப் பென் டிரைவில் பங்கிடுவதும் அதில் சேராது.

கடைசியாக, டிவிடி அல்ல, வீடியோ கேசட் வைத்திருப்பவர்களுக்கு. அந்தக் காலத்தில் சிலர் மர்மதேசத்தை ஒளிபரப்பிலிருந்தே விசிஆரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள், விளம்பரத்தோடு, அடுத்த வார முன்னோட்டத்தோடு. கடையில் விற்ற டிவிடியில் அவை கிடையாது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது. உலகில் அதுவரை தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனம் அது. ஓடும் விசிஆர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. கேசட்டில் பூஞ்சை ஏறினால் அது ஓடுகிற விசிஆரின் தலையையும் கெடுக்கும். எனவே பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். கல்யாண வீடியோக்களை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். விளம்பரங்களை வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.